திறக்க மறுக்கும் கணிப்பொறியிலிருந்து கோப்புகளை மீட்பது எவ்வாறு?

(புதுச்சேரி நகரில் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் உரமும் அன்று, விதையும் அன்று. கணிப்பொறி ஒன்று திடீரென நின்றுபோனால், அதற்குள் இருக்கும் கணக்குகளையும் பத்திரங்களையும் வெளியே எடுப்பது எவ்வாறு என்பதே. இது பட்டணத்து ஆபீசுகளுக்கு உரிய விஷயம், நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். பால் சங்கத்தின் அங்கத்தினர் கணக்கு இன்று எங்கே இருக்கிறது? ஏரிச் சங்கத்தின் மீன் குத்தகை வரவு எங்கே இருக்கிறது? சுய உதவிக் குழுவின் கடன் தவணை, மண் பரிசோதனைக் குறிப்பு, புயலில் சாய்ந்த வாழைத் தோப்பின் புகைப்படம் ஆகியவை எங்கே? முன்பு தகரப் பெட்டியில் பூட்டி வைத்தவை எல்லாம் இன்று ஒரு மடிக்கணினிக்குள் இருக்கின்றன. தகரப் பெட்டியின் சாவி தொலைந்தால் பூட்டை உடைத்தோம். இந்தப் பெட்டி திறக்க மறுத்தால் செய்ய வேண்டியது என்ன என்பது நம்மில் மிகச் சிலருக்கே தெரியும்.

சிறப்பாக லினக்ஸ் என்னும் ஏற்பாட்டில் இயங்கும் கணிப்பொறிகளைப் பற்றியே இங்கே பேசுகிறோம். அதற்குக் காரணம் உண்டு. 1991இல் பின்லாந்து தேசத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இந்த லினக்ஸ், யார் வேண்டுமானாலும் விலையின்றி எடுத்துப் பயன்படுத்தக்கூடியது. சென்னையிலுள்ள சி-டாக் நிலையம் இதனை அடிப்படையாகக் கொண்டு ‘பாஸ்’ என்ற இந்திய வடிவத்தைத் தயாரித்தது. 2011 செப்டம்பர் 15ஆம் தேதி தமிழ்நாட்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் கூட இந்த பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுக்கப்பட்டது. பிள்ளை படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டான். மடிக்கணினி வீட்டிலேயே தங்கிவிட்டது. தந்தையார் அதில் நெல் கணக்கு எழுதுகிறார். சங்கக் காரியதரிசி அதில் தீர்மானங்களை எழுதுகிறார். இப்படிப்பட்ட வீடுகள் நம் எல்லைக்கு இரு புறமும் இருக்கின்றன. புதிய விண்டோஸ் ஏற மறுக்கும் பழைய யந்திரங்களிலும் ஊர் இளைஞர்கள் லினக்ஸை ஏற்றி உயிர் கொடுக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் யந்திரம் பழையது என்பதை மறந்துவிடலாகாது. பேட்டரி செத்துப்போய், நேர் மின்சாரத்தில் மட்டும் ஓடும் மடிக்கணினிகளே கிராமங்களில் அதிகம். மின்சாரம் போன அந்த நொடியில், எழுதிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் அறுந்துவிடுகிறது.

முதலில் ஓர் அடிப்படை விஷயத்தை விளங்கிக்கொள்வோம். கணிப்பொறி திறக்கவில்லை என்றால் உள்ளே இருந்தவை அழிந்துவிட்டன என்று பொருள் அன்று. பெரும்பாலான சந்தர்ப்பங்களில் அவை அப்படியே இருக்கின்றன. அடங்கலை நினைத்துப் பாருங்கள். இன்ன சர்வே எண்ணில் இன்னார் இன்ன பயிர் வைத்திருக்கிறார் என்று அடங்கல் சொல்கிறது. அடங்கல் புத்தகம் நனைந்து கிழிந்துபோனால் வயலில் நிற்கும் நெல் மறைந்துவிடுமா? எங்கே என்ன நிற்கிறது என்று கேட்டால் சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. கணிப்பொறியின் வட்டிலும், அதாவது ஹார்ட் டிஸ்க்கிலும், இதே ஏற்பாடுதான். கோப்பின் உள்ளடக்கம் ஓரிடத்தில் இருக்கிறது. அது எந்தெந்தக் கட்டங்களில் இருக்கிறது, யாருக்கு உரியது, எப்போது எழுதப்பட்டது என்ற குறிப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. கோப்பை நீக்கினால்கூட முதலில் அடிபடுவது குறிப்புதான். பயிர் சிறிது காலம் நின்றுகொண்டே இருக்கும்.

அப்படியானால் பயிர் எப்போது அழிகிறது? மறு உழவு ஓட்டும்போது. அதே இடத்தில் புதிதாக எதையேனும் எழுதினால் பழையது போயிற்று. அதை எந்த நிபுணராலும் மீட்க இயலாது. ஆகவே கணிப்பொறி பழுதான பின் நடக்கும் நஷ்டத்தில் பெரும் பங்கு அந்தப் பழுதினால் வருவதில்லை. அதைச் சரி செய்யும் அவசரத்தினால் வருகிறது. “ஃபார்மட் செய்து புதிதாகப் போட்டுத் தருகிறேன்” என்று கடைக்காரர் சொல்வது மறு உழவுக்கு ஒப்பானது. அவர் மேல் குற்றம் சொல்வதற்கில்லை. யந்திரம் ஓட வேண்டும் என்றுதான் நாம் கேட்கிறோம், அவரும் யந்திரத்தை ஓட வைத்துத் தருகிறார். கோப்பு வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும், அதுவும் முதல் வாக்கியத்திலேயே.

எங்கள் வட்டாரத்தில் நேர்ந்த ஒரு சம்பவத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். ஊரின் பெயர் வேண்டாம். அங்கே ஓர் ஏரிச் சங்கம். அங்கத்தினர் பட்டியல், மதகு முறை, கரை பழுது பார்த்த செலவு, மீன் குத்தகை வரவு யாவும் ஒரே மடிக்கணினியில். பொதுக்குழுவுக்கு எட்டு நாள் இருக்கும்போது, மழைக்கால இரவொன்றில் மின்சாரம் போய் வந்த பிறகு, திரை கருத்துவிட்டது. ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று ஓர் எழுத்து வரிசையும், கோப்பு அமைப்பில் முரண் இருக்கிறது, கையால் சரிபார்க்கவும் என்ற பொருள்பட ஒரு செய்தியும் மட்டும் நின்றன. குத்தகையின் இரண்டாம் தவணை வந்ததா இல்லையா என்று ஏற்கெனவே ஊரில் முணுமுணுப்பு இருந்தது. இந்த வேளையில் “கணக்கு கணிப்பொறியோடு போய்விட்டது” என்று காரியதரிசி சொன்னால் யார் நம்புவார்கள்? அவர் நேர்மையானவர் என்பதை நிரூபிக்க அந்தக் கோப்புகளைத் தவிர வேறு சாட்சி இல்லை.

கடையில் புதிதாகப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர் மனம் ஒப்பாமல் யந்திரத்தை அணைத்து, எங்களிடம் எடுத்து வந்தார். அவர் செய்த மிகச் சரியான காரியம் அதுவே. அதற்குப் பிறகு அதைத் திரும்பத் திரும்ப இயக்கிப் பார்க்கவும் இல்லை.

வட்டாரத்தில் கணிப்பொறி கற்ற இளைஞர் ஒருவர் முன்வந்தார். ஒரு 8 ஜிபி பென் டிரைவில், வேறொரு கணிப்பொறியின் உதவியால், லினக்ஸ் முழுவதையும் ஏற்றினார். இதற்கு ‘லைவ்’ லினக்ஸ் என்று பெயர். யந்திரத்தின் சொந்த வட்டைத் தொடாமல், பென் டிரைவிலிருந்தே கணிப்பொறியை எழுப்பும் உபாயம் இது. வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டுக் கொண்டால் கொல்லைப்புறமாக நுழைவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இயக்கும்போது எஃப்12, எஃப்2 அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால், எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று யந்திரம் கேட்கும். எந்த விசை என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பிறகு திரையில் இரண்டு வழிகள் தோன்றும். ஒன்று ‘முயன்று பார்’, மற்றொன்று ‘நிறுவு’. இந்த இடத்தில் விரல் தவறக்கூடாது. நிறுவு என்பதை அழுத்தி, வரும் கேள்விகளுக்கெல்லாம் சரி சரி என்றால் அதுவும் மறு உழவுதான்.

லைவ் லினக்ஸ் எழுந்ததும் இளைஞர் வட்டைப் ‘படிக்க மட்டும்’ என்ற நிபந்தனையோடு திறந்தார். பெட்டியைத் திறந்து பார்க்கலாம், ஆனால் பேனா எடுத்துச் செல்லக் கூடாது என்று காவல் வைப்பது போன்றது இந்த நிபந்தனை. நம் இளைஞர்களுக்கு இங்கே ஒரு குறிப்பு: வெறும் ‘ஆர்ஓ’ என்று கொடுத்தால்கூட, பாதியில் நின்ற சிட்டையைப் படித்து முடிக்கிறேன் என்று யந்திரம் வட்டில் கைவைக்கக்கூடும். ‘நோலோடு’ என்ற சொல்லையும் சேர்த்தால்தான் முழுக் காவல்.

சிட்டை என்றோமே, அதையும் விளக்கிவிடுகிறோம். கடைகளில் அன்றன்றைய வரவு செலவைச் சிட்டையில் குறித்துவிட்டு, பிறகு பேரேட்டில் ஏற்றுவது பழைய வழக்கம். இடையில் விளக்கு அணைந்தாலும் சிட்டையைப் பார்த்துப் பேரேட்டைச் சரி செய்யலாம். லினக்ஸின் கோப்பு அமைப்பிலும் இந்த முறை உண்டு. 1993இல் பிரான்சு தேசத்தவரான ரெமி கார்ட் முதலியோர் ‘எக்ஸ்ட்2’ என்ற அமைப்பை உருவாக்கினார்கள். அதில் சிட்டை இல்லை; திடீரென மின்சாரம் போனால் பேரேடு முழுவதையும் வரிவரியாகச் சரிபார்க்க வேண்டியிருந்தது. 2001இல் லினக்ஸில் சேர்ந்த எக்ஸ்ட்3 சிட்டையோடு வந்தது. இன்று பெரும்பாலும் வழங்குவது 2008இல் நிலைபெற்ற எக்ஸ்ட்4. இதில் இன்னொரு முன்யோசனையும் இருக்கிறது. வட்டின் தலைக்குறிப்பு, அதாவது சூப்பர்பிளாக், ஓரிடத்தில் மட்டும் இராது. அதன் படிகள் வட்டில் பல இடங்களில் வைக்கப்பட்டிருக்கும். 4096 பைட் கட்டங்களாகப் பிரித்த வட்டில் முதல் படி 32768ஆம் கட்டத்தில் கிடைக்கும். தலைப்பு கெட்டாலும் இந்தப் படியைக் காட்டி அமைப்பை எழுப்பலாம்.

சங்கத்தின் கதைக்கு வருவோம். கோப்புகள் கண்ணுக்குத் தெரிந்தன. ஆனால் திறக்க அனுமதி இல்லை என்றது யந்திரம். இதைக் கண்டு பலர் மனம் சோர்ந்துவிடுகிறார்கள். லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் உடையவர் உண்டு. லைவ் லினக்ஸில் நுழைந்தவர் வேறோர் ஆள் என்று அது கருதுகிறது. நிர்வாகி என்ற அதிகாரத்தோடு கேட்டால் கொடுத்துவிடும். அப்படிக் கேட்டு நகல் எடுக்கத் தொடங்கியபோதுதான் உண்மையான நோய் தெரிந்தது. சில கோப்புகளில் யந்திரம் தயங்கி நின்றது. படிக்க இயலவில்லை என்று பிழை காட்டியது. மின்வெட்டு ஒரு சாக்குதான். வட்டே தேய்ந்து கெட்டுக்கொண்டிருந்தது.

இத்தகைய வட்டிலிருந்து ஒவ்வொரு கோப்பாக எடுக்க முயல்வது அபாயம். ஒரே கெட்ட இடத்தில் முட்டிமுட்டி, நல்ல இடங்களையும் படிப்பதற்குள் வட்டு செத்துவிடலாம். இதற்கென்றே ‘டிடிரெஸ்க்யூ’ என்ற கருவி இருக்கிறது. ஸ்பெயின் தேசத்தவரான அந்தோனியோ தியாஸ் தியாஸ் எழுதியது, விலை இல்லை. இதன் யோசனை நம் அறுவடை யோசனையேதான். நன்கு விளைந்த பகுதியை முதலில் அறுத்துக் களத்தில் சேர்த்துவிடு. சேற்றில் சாய்ந்ததைப் பிறகு பொறுமையாகப் பார்த்துக்கொள். முதல் சுற்றில் எளிதாகப் படிக்கக்கூடியதையெல்லாம் வேறொரு பெரிய வட்டில் நகல் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களைக் குறித்து வைத்து, அடுத்தடுத்த சுற்றுகளில் அவற்றுக்குத் திரும்புகிறது. எங்கே விட்டது என்று ஒரு குறிப்பேடும் எழுதிக்கொள்வதால், இடையில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நம் ஊர்களுக்கு இது எவ்வளவு அவசியம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எது மூல வட்டு, எது நகல் வட்டு என்று இருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். பெயரை மாற்றிக் கொடுத்தால் வெற்று வட்டை எடுத்து மூலத்தின் மேல் எழுதிவிடும்.

இரவு முழுவதும் அது ஓடிற்று. மறுநாள், மூல வட்டை எடுத்துத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, நகலின் மேல் பழுது பார்க்கும் ‘எஃப்எஸ்சிகே’ ஆணையைக் கொடுத்தோம். இந்த வரிசையை மாற்றக் கூடாது. பழுது பார்ப்பது என்றால் எழுதுவது. எழுதுவதென்றால் எதையேனும் அழிப்பது. நகல் கெட்டால் மீண்டும் நகல் எடுக்கலாம், மூலம் கெட்டால் கெட்டதுதான். பழுது பார்த்து முடிந்ததும் பெரும்பாலான கோப்புகள் தத்தம் இடத்தில் இருந்தன. உடையவர் தெரியாத சில, ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ என்ற பகுதியில் வெறும் எண்களைப் பெயராகத் தாங்கிக் கிடந்தன. அவற்றுள் ஒன்று குத்தகைப் பேரேடு. இரண்டாம் தவணை வரவு, தேதியோடு அதில் இருந்தது. கடைசி வாரத்து வரவு மட்டும் கிடைக்கவில்லை. அதை ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையிலிருந்து எழுதிச் சேர்த்தார்கள். பொதுக்குழு குறித்த நாளில் நடந்தது. கணக்கைப் படித்தபோது சிலர் கேள்வி கேட்டார்கள், கேட்க வேண்டியதுதான். ஆனால் எவரும் காரியதரிசியின் முகத்தைப் பார்க்கவில்லை, காகிதத்தைப் பார்த்தார்கள்.

எல்லாப் பழுதும் இவ்வளவு கடுமையானதாக இராது. சில சமயம் வட்டில் இடமே இல்லாமல் நிரம்பிப் போவதாலும் லினக்ஸ் உள்ளே விடாது. கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தாலும் மீண்டும் அதே வாசலுக்குத் திருப்பி அனுப்பும். அப்போது கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து மட்டும் உள்ள வாசல் திறக்கும். அதன் வழியே நுழைந்து வேண்டாதவற்றை நீக்கினால் போதும். புதுப்பிப்பு பாதியில் நின்றுபோயிருந்தால், தொடக்கப் பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தாலே பல வேளைகளில் எழுந்துவிடும். ‘க்ரப்’ என்ற சொல்லோடு திரை நின்றால், கெட்டிருப்பது பெரும்பாலும் வாயிற்படிதான், வீடு அன்று.

தவறுதலாக நீக்கிய கோப்பின் கதை வேறு. வட்டின் பாகப்பிரிவினைப் பட்டியலே அழிந்திருந்தால் ‘டெஸ்ட்டிஸ்க்’ என்ற கருவி எல்லைக் கற்களைத் தேடிக் கண்டுபிடிக்கும். அதன் துணைக் கருவி ‘ஃபோட்டோரெக்’ அடங்கலை முற்றிலும் நம்பாமல், நேரே வயலில் இறங்கி, பயிரின் தோற்றத்தைக் கொண்டே இது நெல், இது கம்பு என்று பிரிக்கும். ஒவ்வொரு வகைக் கோப்பும் அதற்குரிய அடையாளத்தோடு தொடங்குவதால் இது கைகூடுகிறது. இவ்விரண்டையும் எழுதியவர் கிறிஸ்தோஃப் கிரெனியே, இவரும் பிரெஞ்சுக்காரரே. புதுச்சேரியில் நின்று இதைச் சொல்வதில் நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. ஆனால் ஃபோட்டோரெக் கொடுக்கும் கோப்புகளுக்குப் பெயர் இராது, ஆயிரக்கணக்கில் குவியும், பொறுக்கி எடுக்க ஒரு வாரம் ஆகலாம். மீட்டதை அதே வட்டில் சேமிக்கவும் கூடாது.

புதிய மடிக்கணினிகளில் இருப்பது சுழலும் வட்டு அன்று, எஸ்எஸ்டி என்னும் சில்லு. வேகமானது, அதிர்ச்சி தாங்குவது. ஆனால் நீக்கிய கோப்பைப் பொறுத்தவரை அது இரக்கமற்றது. அடங்கலில் பெயரை அடித்ததும் ‘ட்ரிம்’ என்ற ஏற்பாடு வயலையும் துடைத்துவிடுகிறது. பல லினக்ஸ் வகைகளில் வாரம் ஒருமுறை இது தானாகவே நடக்கிறது. அத்தகைய சில்லில் நீக்கியதை மீட்பதாக எவரேனும் உறுதி கூறிப் பணம் கேட்டால் நாம் நம்ப மாட்டோம். வட்டுக்குக் கடவுச்சொல் பூட்டு போட்டிருந்து அந்தச் சொல்லை மறந்துவிட்டாலும் இதே நிலைதான். சங்கத்தின் கடவுச்சொல்லைக் காரியதரிசி ஒருவர் மட்டும் அறிந்திருப்பது முறையன்று. உறையிலிட்டு அரக்கு வைத்து, தலைவரிடம் ஒன்று இருக்கட்டும்.

வெள்ளம் புகுந்த யந்திரத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தபோது, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. கிருஷ்ணா நகர்ப் பகுதியில் ராணுவத்தினர் வந்து மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. நனைந்த மடிக்கணினியை ஓடுகிறதா என்று இயக்கிப் பார்ப்பதே அதற்குச் செய்யும் பெரிய தீங்கு. வெயிலில் காய வைப்பதும், அரிசி மூட்டையில் புதைப்பதும் பயனற்றவை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, வட்டைத் தனியே எடுத்துத் தெரிந்தவரிடம் கொடுப்பதே உத்தமம். ‘டிக் டிக்’ என்று ஒலிக்கும் வட்டையும் மேற்கொண்டு ஓட்டலாகாது. அதைத் திறந்து பார்ப்பது தூசியற்ற அறை உள்ளவர்களின் வேலை. செலவு மிக அதிகம்.

செலவு என்றதும் ஒரு கேள்வி எழுகிறது. எல்லாவற்றையும் மீட்கத்தான் வேண்டுமா? பட்டா நகல் போயிற்று என்று பதறுவோர் உண்டு. பட்டாவின் மூலம் வருவாய்த் துறையில் இருக்கிறது. வேறொரு நகல் பெறலாம். ஆதார், மதிப்பெண் சான்று போன்றவற்றை 2015 முதல் இயங்கும் டிஜிலாக்கரில் பெற வழி இருக்கிறது. மீட்பு வேலையில் முதலிடம் பெற வேண்டியவை வேறெங்கும் படி இல்லாதவை. சங்கத்தின் தீர்மானங்கள், அன்றாடப் பால் அளவு, அங்கத்தினர் கையொப்பமிட்ட கடிதங்கள், நிவாரணத்துக்காக எடுத்த பயிர்ச் சேதப் படங்கள். கெட்டுக்கொண்டிருக்கும் வட்டு எவ்வளவு நேரம் உயிரோடிருக்கும் என்று சொல்ல இயலாது. எது முதலில் வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு உட்காருங்கள். பேரனின் பிறந்தநாள் படங்களும் வேண்டியவையே. ஆனால் சங்கத்தின் யந்திரத்தில் அவை வந்தது எப்படி என்று ஒரு நாள் கேட்க வேண்டியிருக்கும்.

இந்தப் பாடம் புதுச்சேரிக்குப் புதிதன்று. 1776இல் பிரெஞ்சு மன்னர் ஓர் ஆணை பிறப்பித்தார். குடியேற்ற நாடுகளில் எழுதப்படும் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளுக்கு மேலும் ஒரு படி எடுத்து, கப்பலில் பிரான்சுக்கு அனுப்பி, வெர்சாயில் காக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஏற்கெனவே உள்ளூரில் இருந்த இரண்டோடு இது மூன்றாவது படி. கரையான், ஈரம், கடற்காற்று, போர் ஆகிய யாவும் காகிதத்துக்குப் பகை என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள். 1761இல் ஆங்கிலேயர் இந்த நகரத்தைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கிய பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் வந்த ஆணை இது என்பதையும் கவனிக்க வேண்டும். அந்த மூன்றாம் படிகள் இன்று பிரான்சில் எக்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நாட்டினத்தையும் ஓய்வூதியத்தையும் பற்றிய வழக்குகளில், முப்பாட்டனாரின் பிறப்புப் பதிவு எவ்வளவு பெறுமதி உடையது என்பதை இந்நகரத்தார்க்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரையிலிருந்த மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததைப் பலரும் கண்டிருப்பீர்கள். பழைய தோற்றத்திலேயே அதை மறுபடி கட்டி 2021இல் திறந்துவிட்டார்கள். கட்டடத்தைப் படம் பார்த்துக் கட்டலாம். படி இல்லாத ஏட்டை எதைப் பார்த்து எழுதுவது?

இன்று கணிப்பொறி வல்லுநர்கள் சொல்வதும் அதே மூன்றுதான். கோப்புக்கு மூன்று படிகள். இரண்டு வகைச் சாதனங்களில். ஒன்று வேறோர் ஊரில். சங்கத்துக்கு இது பெரிய செலவன்று. மடிக்கணினியில் ஒன்று; வாரந்தோறும் ஒரு வெளி வட்டில் ஒன்று; மாதந்தோறும் பக்கத்து ஊர்ச் சங்கத்தில் கொடுத்து வைக்கும் பென் டிரைவில் ஒன்று. அவர்களுடையதை நீங்கள் வைத்திருங்கள், உங்களுடையதை அவர்கள் வைத்திருக்கட்டும். லினக்ஸில் ‘டெஜாடூப்’, ‘ஆர்சிங்க்’ போன்றவை இந்த வேலையைச் செய்யும். ‘டைம்ஷிஃப்ட்’ என்ற ஒன்றும் உண்டு. அது இயங்குதளத்தைத்தான் காக்கும், நாமாகச் சொன்னாலன்றி நம் சொந்தக் கோப்புகளைச் சேர்க்காது. அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பது, வேலியைக் காவல் காத்து விளைச்சலை விடுவது போலாகும்.

எடுத்த படியைத் திறந்து பார்ப்பதும் அவசியம். 2017 ஜனவரி 31ஆம் தேதி, கிட்லாப் என்ற பெயர்பெற்ற நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான யந்திரத்தில் தகவல் தொகுப்பை அழித்துவிட்டார். வழக்கமாக எடுக்கப்படுவதாக எல்லோரும் நம்பிய படிகள் உதவவில்லை. அவை எடுக்கப்படவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன், வேறொரு காரியத்துக்காகத் தற்செயலாக எடுத்திருந்த படி ஒன்று அவர்களைக் காப்பாற்றியது. இதையெல்லாம் அந்த நிறுவனமே ஒளிவுமறைவின்றி அறிக்கையாக வெளியிட்டது. நிபுணர்கள் பலர் இருந்த இடத்தில் நேர்ந்தது இது. மாதம் ஒருமுறை, பொதுக்குழுவுக்கு முன்னால், வெளி வட்டில் இருக்கும் கணக்கைத் திறந்து கடைசிப் பக்கத்தைத் தலைவர் பார்த்துக் கையொப்பமிடலாம். தீர்மானப் புத்தகத்தில் அதற்கென ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பேச்சு நீண்டுவிட்டது, மற்றதைக் கையால் செய்து காட்டுவதே மேல். பிற்பகல் 2 மணிக்குப் பக்கத்து அறையில் லைவ் பென் டிரைவ் தயாரிப்பதையும், படிக்க மட்டும் என்று வட்டைத் திறப்பதையும் இளைஞர்கள் செய்து காட்டுவார்கள். 8 ஜிபி பென் டிரைவ் கொண்டு வந்தவர்களுக்கு அதிலேயே ஏற்றித் தரப்படும். அதில் முன்பிருந்தவை அழிந்துவிடும் ஆதலால் வெற்றாகக் கொண்டு வரவும். பழுதான மடிக்கணினி கொண்டு வந்திருப்பவர்கள் அதை இயக்காமல், சார்ஜருடன், பெயரெழுதிய சீட்டு ஒட்டி, வாசலிலுள்ள மேசையில் கொடுத்துவிட வேண்டுகிறோம்.